நாவலுக்காகத் தேடியது குற்றமாகுமா?

பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன், வழக்கறிஞரான எனக்கு ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். கல்லூரியில் இலக்கியம் கற்பிக்கும் அவர், மூன்று ஆண்டுகளாக ஒரு நாவலை எழுதிவருகிறார். குடிமக்களின் ஒவ்வோர் அசைவையும் அரசு அறிந்துவைத்திருக்கும் ஒரு நகரம்தான் அந்த நாவலின் களம். அதற்காக, முகத்தை அடையாளம் காணும் கேமராக்கள் எப்படி இயங்குகின்றன, அவற்றை ஏமாற்ற முடியுமா, தொலைபேசியை எப்படி ஒட்டுக்கேட்கிறார்கள், பழைய கிளர்ச்சிகளில் வெடிகுண்டுகள் எப்படிச் செய்யப்பட்டன என்றெல்லாம் இணையத்தில் தேடியிருக்கிறார். அதே காலத்தில், எட்டு நண்பர்கள் சேர்ந்த வாசிப்பு வட்டத்தில் ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’, யெவ்கேனி ஸம்யாதினின் ‘நாம்’ ஆகிய நாவல்களை வாரந்தோறும் விவாதித்திருக்கிறார்கள்.

ஒரு விவாதம் முடிந்த இரவே, வட்டத்தில் இருவருடைய கைப்பேசிகளில் கண்காணிப்புக் கேமராவுக்கான விளம்பரம் வந்திருக்கிறது. “யாரோ நாம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்” என்று சொல்லிவிட்டு ஒருவர் வட்டத்தைவிட்டே விலகிவிட்டார். அன்றிலிருந்து நம் வாசகருக்கு உறக்கம் கெட்டுவிட்டது. தேடல் வரலாற்றை அழித்தார். வட்டத்தின் செய்திக் குழுவைக் கலைத்தார். ஒரு பொதுக் கோரிக்கை மனுவில் இட்ட கையெழுத்தைத் திரும்பப் பெற்றார். கடைசியில் நாவலின் பதினொன்றாம் அத்தியாயத்தை முழுவதுமாக நீக்கிவிட்டார். “மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை” என்கிறார் கணவர். “எல்லாமே ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கிறது, இனி மறைத்து என்ன பயன்?” என்கிறாள் மகள். என்னைக் கண்காணிக்கிறார்களா, நான் தேடியது குற்றமா, என்னைப் பற்றி அரசு வைத்திருக்கும் பதிவைக் கேட்டுப் பெற முடியுமா, கைப்பேசியைக் கைவிட்டுவிடலாமா, அந்த அத்தியாயத்தை என்ன செய்வது, இந்தக் கடிதத்தையாவது நம்பி அனுப்பலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகருக்கு,

எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்பதை நீங்கள் குறிப்பிடவில்லை. குறிப்பிடாததற்கான காரணமும் எனக்குப் புரிகிறது. ஆகவே ஒரே நாட்டின் சட்டப் பிரிவுகளைப் பட்டியலிடாமல், பல நாட்டு நீதிமன்றங்கள் இந்தச் சிக்கலை எப்படி அணுகியிருக்கின்றன என்பதிலிருந்து உங்களுக்குப் பயன்படுவதை எடுத்துச் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உங்கள் அச்சம் நியாயமானதே. ஆனால் அது தவறான திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். நாவலில் படித்த கண்காணிப்பை நீங்கள் வாழ்க்கையில் தேடுகிறீர்கள். வாழ்க்கையில் இருக்கும் கண்காணிப்பு வேறு விதமானது. அதனால் உங்கள் தற்காப்பும் வேறு விதமாக இருக்க வேண்டும்.

உங்களை யாராவது பார்த்துக்கொண்டிருக்கிறார்களா?

ஸம்யாதின் 1920, 1921 ஆண்டுகளில் எழுதிய நாவலில் மக்கள் கண்ணாடிச் சுவர் வீடுகளில் வாழ்கிறார்கள். அனுமதிச் சீட்டு உள்ள நேரத்தில் மட்டுமே திரையை இறக்கிக்கொள்ளலாம். 1949இல் வெளிவந்த ஆர்வெல்லின் நாவலில் வீட்டுச் சுவரிலிருக்கும் தொலைத்திரை பார்க்கவும் கேட்கவும் செய்கிறது. எந்தக் கணத்தில் தன்னைப் பார்க்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது. இரண்டிலும் அரசின் ஆற்றல் ஒரே இடத்தில் இருக்கிறது: பார்க்கப்படுகிறோம் என்பது குடிமகனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால்தான் அவன் தன்னைத்தானே அடக்கிக்கொள்வான். கண்காணிப்பு அங்கே ஒரு காட்சிப்பொருள். சுவரொட்டியிலேயே அது அறிவிக்கப்படுகிறது.

நம் காலத்து அரசுகளுக்கு இந்த விளம்பரம் தேவையில்லை. அமெரிக்க உளவு அமைப்பில் ஒப்பந்த ஊழியராக இருந்த எட்வர்டு ஸ்நோடன் 2013 ஜூனில் வெளிக்கொணர்ந்த ஆவணங்களில் முதலில் செய்தியானது, ஒரு பெரிய தொலைபேசி நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் அழைப்பு விவரங்கள் அனைத்தையும் நாள்தோறும் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற இரகசிய நீதிமன்ற ஆணை. பேச்சு அதில் இல்லை. யார் யாரை அழைத்தார், எப்போது, எவ்வளவு நேரம் என்ற விவரம் மட்டுமே இருந்தது. அந்த ஆணையை யாரும் சுவரொட்டியாக ஒட்டவில்லை. மறைந்திருக்கும்வரைதான் அதற்குப் பயன். ஆகவே, உங்களை ஒரு கண் பார்த்துக்கொண்டிருக்கிறதா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்பதே என் பதில். உங்களைப் பற்றிய பதிவு எங்கேனும் சேர்ந்துகொண்டிருக்கிறதா என்று கேட்டால், கைப்பேசி வைத்திருக்கும் எல்லோரையும் போலவே ஆம் என்பேன்.

இந்த வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். கிழக்கு ஜெர்மனியின் இரகசியக் காவல் துறையான ஷ்டாசிக்கு 1989இல் ஏறத்தாழ 91,000 முழுநேர ஊழியர்கள் இருந்தார்கள். மக்கள்தொகையோ சுமார் 1.6 கோடி. வீட்டுக்கு வீடு உளவு சொல்பவர்களையும் சேர்த்துக்கொண்டாலும், எல்லோரையும் எப்போதும் பார்க்க அவர்களால் முடியவில்லை. ஆளைத் தேர்ந்தெடுத்துத்தான் பின்தொடர வேண்டியிருந்தது. ஆர்வெல்லும் இதை உணர்ந்தே எழுதினார் என்று தோன்றுகிறது. அவருடைய நாவலில் கட்சிக்காரர்கள்தான் தொலைத்திரைக்கு அடியில் வாழ்கிறார்கள். மக்களில் பெரும்பான்மையினரான உழைக்கும் வர்க்கத்தாரின் வீடுகளில் பெரும்பாலும் தொலைத்திரையே கிடையாது. இன்று நிலைமை தலைகீழ். யாரைக் கண்காணிப்பது என்று முன்கூட்டித் தீர்மானிப்பதைவிட எல்லோருடைய விவரத்தையும் சேமித்துவைத்துக்கொண்டு பிற்பாடு தேடுவது மலிவாகிவிட்டது. இதைத்தான் சட்டமொழியில் மொத்தக் கண்காணிப்பு என்கிறோம்.

அந்தக் கேமரா விளம்பரத்துக்கு வருவோம். அரசுக்கும் அதற்கும் தொடர்பிருக்க வாய்ப்பில்லை. நீங்கள் நாவலுக்காகக் கேமராக்களைப் பற்றித் தேடியிருக்கிறீர்கள். உங்கள் நண்பர்கள் அதே வீட்டில், அதே வைஃபை இணைப்பில் அமர்ந்திருந்தார்கள். ஒருவருடைய ஆர்வத்தை அருகிலிருப்பவர்கள்மேல் பொருத்திப் பார்க்க விளம்பர நிறுவனங்களுக்கு இதுவே போதும். ஒலிவாங்கியைத் திறந்து கேட்க வேண்டியதில்லை. உங்கள் நண்பர் பயந்தது வீண் என்று இதனால் சொல்லிவிட முடியாது. வணிகத்துக்காகத் திரட்டப்படும் விவரங்களை அரசுகள் விலை கொடுத்தும் வாங்குகின்றன. தம் உளவு அமைப்புகள் இப்படி வாங்குவதை அமெரிக்க உளவுத் துறைத் தலைமையகத்தின் அறிக்கையே ஒப்புக்கொண்டது. அது 2023 ஜூனில் வெளியிடப்பட்டது. ஒருவர் கைப்பேசி எங்கெல்லாம் இருந்தது என்ற நீண்டகாலப் பதிவை நீதிமன்றத்தின் தேடுதல் ஆணை இல்லாமல் காவல் துறை பெறக் கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருந்தது. அந்த வழக்கில் 127 நாட்களில் 12,898 இடக்குறிப்புகள் ஒரே மனிதரைப் பற்றித் திரட்டப்பட்டிருந்தன. நீதிமன்ற ஆணை கேட்டுப் பெற வேண்டியதைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்றால் அந்தத் தீர்ப்பின் பொருள் என்ன என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

கணவர் சொன்ன பழமொழி

மடியில் கனம் என்ற பழமொழியை உங்கள் கணவர் பொருள் மாற்றிப் பயன்படுத்துகிறார் என்று அவரிடம் பணிவாகச் சொல்லுங்கள். மடியில் பணமுடிப்போடு நடப்பவன் வழிப்பறிக்கு அஞ்சுகிறான் என்பதே அதன் காட்சி. கனம் வைத்திருப்பவன் குற்றவாளி என்று பழமொழி எங்கும் சொல்லவில்லை. தன் பொருளைத்தான் அவன் சுமக்கிறான். போன இடம், பேசிய ஆள், பார்த்த மருத்துவர், படித்த பக்கம் என்று கனமெல்லாம் சேர்ந்த ஒரு கருவியை இப்போது எல்லோரும் சட்டைப்பையில் சுமந்து திரிகிறோம். வெறும் மடியோடு நடப்பவர் யார் என்று அவரைக் கேட்டுப் பாருங்கள்.

பேச்சைக் கேட்காமல் விவரத்தை மட்டும் எடுப்பதால் என்ன கெடுதல் என்றும் அவர் கேட்கக்கூடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் இதற்கு 2014இல் விடையளித்தது. எல்லோருடைய தொடர்பு விவரங்களையும் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுகள்வரை சேமித்துவைக்கும்படி தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குக் கட்டளையிட்ட 2006ஆம் ஆண்டின் நெறியாணையை அது செல்லாததாக்கியது. ஒருவரின் அன்றாடப் பழக்கங்கள், நடமாட்டம், உறவுகள், நட்பு வட்டம் ஆகியவற்றை இந்த விவரங்களிலிருந்தே துல்லியமாக ஊகித்துவிட முடியும் என்பது அத்தீர்ப்பின் அடிப்படைகளில் ஒன்று.

தீங்கற்ற நோக்கத்தோடு திரட்டிய பதிவு கைமாறும்போது என்ன ஆகும் என்பதற்கு நெதர்லாந்தைவிடக் கசப்பான சாட்சி கிடையாது. அங்கே மக்கள் பதிவேட்டில் ஒவ்வொருவரின் சமயமும் எழுதப்பட்டிருந்தது. எழுதியவர்களுக்குக் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. நாஜிப் படைகள் நாட்டைப் பிடித்த பிறகு, யூதர்களைத் தேடிப் பிடிக்க அந்தப் பதிவேடே வழிகாட்டியானது. 1943 மார்ச் 27 அன்று ஆம்ஸ்டர்டாம் நகரப் பதிவு அலுவலகத்துக்குள் புகுந்து எதிர்ப்புக் குழு ஒன்று ஆவணங்களுக்குத் தீ வைத்தது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் ஓவியரும் எழுத்தாளருமான வில்லெம் அரோண்டேயஸ்; அவரும் தோழர்கள் பலரும் பிடிபட்டு அதே ஆண்டு ஜூலையில் கொல்லப்பட்டார்கள். எரிந்தது பதிவுகளில் ஒரு பகுதிதான். சமயத்தைப் பதிவேட்டில் எழுதிக் கொடுத்த நாளில் அந்த மனிதர்கள் யாருடைய மடியிலும் கனம் இருந்ததில்லை.

உங்கள் மகளின் வாதத்துக்கு விடை இதைவிடச் சுருக்கமானது. எல்லாமே அவர்கள் கையில் இருக்கிறது என்பது உண்மையன்று. இருப்பவற்றிலும் பல, சட்டப்படி குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழிக்கப்பட வேண்டியவை. அழிக்கவைக்க வழக்குத் தொடுத்து வென்றவர்களும் இருக்கிறார்கள்.

நீங்கள் தேடியது குற்றமா?

பெரும்பாலான நாடுகளில் ஒரு சொல்லைத் தேடுவதோ ஒரு பக்கத்தைப் படிப்பதோ குற்றமாகாது. குற்றத்துக்கு ஒரு செயலும் அதன் பின்னே ஒரு தீய நோக்கமும் வேண்டும் என்பதே பொது விதி. முகமறி கேமராவை ஏமாற்ற முடியுமா என்று வியப்பதில் இரண்டுமே இல்லை.

ஆனாலும் உங்களை முழுவதுமாகத் தேற்றி அனுப்ப எனக்கு மனமில்லை, ஏனெனில் வெடிகுண்டு பற்றிய தேடல் வேறு வகையைச் சேர்ந்தது. பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்கள் சில நாடுகளில் மேற்சொன்ன பொது விதியை வளைத்திருக்கின்றன. பிரிட்டனின் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் 58ஆம் பிரிவு, பயங்கரவாதச் செயலுக்குப் பயன்படக்கூடிய தகவலைத் திரட்டுவதையும் வைத்திருப்பதையும் குற்றமாக்குகிறது; 2019இல் திருத்தப்பட்ட பிறகு, அத்தகைய ஆவணத்தை இணையத்தில் பார்ப்பதுகூட அதில் அடங்கும். நியாயமான காரணம் இருந்தால் அது குற்றமாகாது என்றும், இதழியல் பணியும் கல்விசார் ஆய்வும் அத்தகைய காரணங்கள் என்றும் திருத்தம் சொல்கிறது. நாவலாசிரியர் என்ற சொல் அதில் இல்லை. அந்தப் பட்டியல் முற்றானது அல்ல என்று சட்டமே சொல்வதால் உங்களைப் போன்றவர் அதற்குள் வர வாதிடலாம். ஆனால் வாதிட வேண்டிய நிலை வரும் என்பதையும் மறக்கக் கூடாது. உங்கள் நாட்டில் இதைப் போன்ற பிரிவு உண்டா என்பதை உள்ளூர் வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இங்கேதான் நீங்கள் செய்த ஒரு தவறைச் சுட்ட வேண்டியிருக்கிறது. தேடல் வரலாற்றை அழித்தது உங்களுக்குப் பாதுகாப்பு என்று நினைத்தீர்கள். உங்கள் கருவியில் அழிவது தேடல் நிறுவனத்திடமோ இணைய இணைப்பு தருபவரிடமோ அழியும் என்பதற்கு உறுதி இல்லை. உங்களிடம் அழிந்துபோனது, நீங்கள் எதற்காகத் தேடினீர்கள் என்பதைக் காட்டும் சூழல்தான். முந்திய நாள் நாவலின் எந்தக் காட்சியை எழுதினீர்கள், மறுநாள் எந்தப் பக்கத்தைப் படித்தீர்கள் என்ற வரிசை இருந்திருந்தால் அதுவே உங்களுக்கு நல்ல சாட்சி. இனியாவது ஒரு குறிப்பேடு வையுங்கள். தேதி, தேடிய பொருள், நாவலில் எந்த இடத்துக்காக என்று மூன்று வரி போதும். வெடிபொருளின் செய்முறை உங்கள் கதைக்குத் தேவையில்லை. பாத்திரத்தின் கை நடுங்குவதுதான் தேவை. ஆகவே செய்முறை விளக்கம் உள்ள எதையும் பதிவிறக்கி வைக்காதீர்கள். விசாரணை தொடங்கிவிட்டது என்று தெரிந்த பிறகு, அல்லது அழைப்பாணை வந்த பிறகு, எதையும் அழிக்கவே கூடாது. தேடல் குற்றமாக இல்லாவிட்டாலும் சாட்சியத்தை அழித்தது குற்றமாகிவிடும்.

உங்களைப் பற்றிய பதிவைக் கேட்டுப் பெறலாமா?

கேட்கலாம். என்ன விடை வரும் என்பதை முன்பே தெரிந்துகொண்டு கேளுங்கள்.

தொலைபேசி நிறுவனம், தேடல் நிறுவனம், சமூக ஊடகம் போன்ற தனியார் நிறுவனங்களிடம் கேட்பது எளிது. 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் 15ஆம் பிரிவின்படி, தன்னைப் பற்றிய தரவின் நகலை ஒருவர் கேட்டால் பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். இதைப் போன்ற சட்டங்கள் இன்று பல நாடுகளில் உண்டு. முதலில் இந்த வழியைப் பயன்படுத்துங்கள். உங்களைப் பற்றி எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்ப்பது, ஊகித்து அஞ்சுவதைவிட நல்லது.

உளவு அமைப்புகளிடம் கேட்டால் கதை வேறு. தகவல் உரிமைச் சட்டங்கள் பல அவற்றுக்கு விலக்கு அளித்திருக்கின்றன. “அத்தகைய பதிவு இருப்பதாகவோ இல்லை என்றோ சொல்ல இயலாது” என்ற ஒற்றை வரி உங்களுக்கு வரக்கூடும். அதை நீங்கள் கண்காணிக்கப்படுவதற்கான சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லோருக்கும் அதே வரிதான் போகும். இந்த விடைக்கு அமெரிக்காவில் ‘குளோமார்’ என்று பெயர். மூழ்கிய சோவியத் நீர்மூழ்கியைக் கடலடியிலிருந்து தூக்கக் கட்டப்பட்ட இரகசியக் கப்பலின் பெயரிலிருந்து அது வந்தது. கப்பலைப் பற்றிக் கேட்ட பத்திரிகையாளருக்கு இப்படி விடை சொன்னார்கள். கப்பல் போன பிறகும் விடை நிலைத்துவிட்டது.

அப்படியானால் நீதிமன்றத்துக்குப் போவது எப்படி? கண்காணிக்கப்படுகிறேன் என்று நிரூபித்தால்தான் வழக்குத் தொடுக்கலாம் என்றால், இரகசியமே அரசின் கேடயமாகிவிடும். இந்தச் சிக்கலைச் சில ஜெர்மானிய வழக்கறிஞர்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் எழுப்பினார்கள். 1978இல் தீர்ப்பு வந்தது. வழக்கில் அவர்கள் தோற்றார்கள். ஆனால் இரகசியக் கண்காணிப்பை அனுமதிக்கும் ஒரு சட்டம் இருப்பதே, அது தன்மேல் பாய்ந்ததை நிரூபிக்க முடியாதவரும் முறையிடப் போதுமானதாக இருக்கலாம் என்ற கொள்கை அத்தீர்ப்பில்தான் பிறந்தது. இதற்கு நேர்மாறாக, பத்திரிகையாளர்களும் வழக்கறிஞர்களும் மனித உரிமை அமைப்புகளும் ஒரு கண்காணிப்புச் சட்டத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013 பிப்ரவரியில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தள்ளுபடி செய்தது. உங்கள் அச்சம் வெறும் ஊகம் என்றது. அடுத்த நான்கு மாதங்களில் ஸ்நோடனின் ஆவணங்கள் வெளிவந்தன. அழைப்பு விவரங்களை மொத்தமாகத் திரட்டியது சட்டம் தந்த அதிகாரத்தை மீறியது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2015 மே மாதம் தீர்ப்பளித்தது. ஜூனில் சட்டமே திருத்தப்பட்டது. ஊகம் என்று ஒதுக்கப்பட்டதை மெய்ப்பிக்க ஒருவர் ஆவணங்களை எடுத்துக்கொண்டு நாட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது என்பதை நினைத்தால், இந்தத் தொழிலில் இருக்கும் எனக்கே சற்றுக் கூசுகிறது.

தனியாளாக நீங்கள் வழக்குத் தொடுக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். செலவும் காலமும் உங்களைத் தின்றுவிடும். உரிமை அமைப்புகள் தொடுக்கும் வழக்குகளில் சேர்ந்துகொள்வதே நடைமுறைக்கு ஏற்றது. பிரிட்டனின் மொத்த ஒட்டுக்கேட்பு முறைக்கு எதிராக 2021 மே 25 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் கிடைத்த தீர்ப்பு அப்படி வந்ததுதான். அந்த வழக்கின் முதல் மனுதாரரின் பெயர் ‘பிக் பிரதர் வாட்ச்’. ஆர்வெல்லின் நாவலில் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருக்கும் தலைவரான ‘பெரியண்ணன்’ (பிக் பிரதர்) இப்படி ஒரு வழக்கின் தலைப்பில் ஏறி நின்றுவிட்டார். மொத்தக் கண்காணிப்பே கூடாது என்று அத்தீர்ப்பு சொல்லவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்திலேயே அரசுத் துறையைச் சாராத ஓர் அமைப்பின் அனுமதி, நடக்கும்போது மேற்பார்வை, முடிந்த பின் மறு ஆய்வு ஆகியவை வேண்டும் என்றது; அவை போதுமான அளவில் இல்லாததால் தனிவாழ்வு உரிமையும், பத்திரிகையாளர்களைப் பொறுத்தவரை கருத்துரிமையும் மீறப்பட்டன என்றது.

‘1984’ நாவலை உங்கள் வட்டம் மறுபடியும் படித்தால் ஓரிடத்தைக் கவனியுங்கள். நாயகன் நாட்குறிப்பு எழுதத் தொடங்கும்போது, அது சட்டவிரோதம் அல்ல என்று ஆசிரியர் சொல்கிறார். ஏனென்றால் அந்த நாட்டில் சட்டமே கிடையாது. எதற்குத் தண்டனை என்று முன்கூட்டித் தெரியாது. யாரிடம் முறையிடுவது என்றும் தெரியாது. என் போன்றவர்களுக்கு அந்த நாவலின் மிகப் பயங்கரமான வரி அதுதான். தொலைத்திரை எனக்கு இரண்டாம்பட்சம். தனிவாழ்வில் தன்னிச்சையான தலையீடு கூடாது என்கிறது 1966ஆம் ஆண்டின் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 17ஆம் பிரிவு. அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். தலையீட்டுக்குச் சட்டத்தின் அடிப்படை வேண்டும், அது தேவையாக இருக்க வேண்டும், நோக்கத்துக்கு மிஞ்சாத அளவில் இருக்க வேண்டும் என்ற மூன்று சோதனைகள் வெவ்வேறு சொற்களில் பல நாடுகளில் ஏற்கப்பட்டிருக்கின்றன. உங்கள் நாடும் நாவலும் ஒன்றா என்று அறிய விரும்பினால் கேமராக்களை எண்ண வேண்டாம். யார் அனுமதி தந்தார், யார் சரிபார்க்கிறார், முடிந்த பிறகாவது உரியவருக்குச் சொல்கிறார்களா என்று கேளுங்கள்.

கைப்பேசியைக் கைவிடலாமா?

வேண்டாம். மென்பொருளை உடனுக்குடன் புதுப்பியுங்கள். தேவையில்லாத செயலிகளுக்கு இருப்பிடம், ஒலிவாங்கி அனுமதிகளை மறுத்துவிடுங்கள். வாசிப்பு வட்டத்தை முழுமையான மறையாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி செய்தியைப் பூட்டும் முறை) உள்ள செய்திச் செயலியில் மீண்டும் தொடங்குங்கள். மறையாக்கம் செய்தியின் உள்ளடக்கத்தைக் காக்கும். யார் யாரோடு எப்போது பேசினார் என்பதை முழுவதுமாக மறைக்காது. இணையவழி மேகச் சேமிப்பில் செய்திகளின் நகல் மறையாக்கம் இல்லாமல் கிடந்தால் அந்தக் காப்பும் பயனற்றுப் போகும். 2021இல் உலகமெங்கும் பேசப்பட்ட பெகாசஸ் போன்ற உளவு மென்பொருள் கைப்பேசிக்குள்ளேயே புகுந்துவிடுவதால் மறையாக்கம் அதன்முன் நிற்காது. ஆனால் அது விலை மிகுந்த, ஆளைக் குறிவைத்து ஏவும் கருவி. வாசிப்பு வட்டங்களின்மேல் அள்ளி வீசுவதற்கானது அல்ல.

ஒருவேளை காவலர்கள் கருவியையும் கடவுச்சொல்லையும் கேட்டால், உடனே மறுக்கவும் வேண்டாம், உடனே கொடுக்கவும் வேண்டாம். வழக்கறிஞரைக் கலந்துகொள்ள நேரம் கேளுங்கள். பிரிட்டன் போன்ற நாடுகளில் முறைப்படி அறிவிப்பு கொடுத்த பின்னும் கடவுச்சொல்லைத் தர மறுப்பது தனிக் குற்றம். வேறு சில இடங்களில், தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லாதிருக்கும் உரிமை இதற்கும் பொருந்துமா என்பதில் நீதிமன்றங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது.

பதினொன்றாம் அத்தியாயம்

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்திய வரி இந்த அத்தியாயத்தைப் பற்றியது. யாரும் உங்களை அழைத்து விசாரிக்கவில்லை. யாரும் தடை விதிக்கவில்லை. நீங்களாகவே கையெழுத்தைத் திரும்பப் பெற்று, குழுவைக் கலைத்து, நாற்பது பக்கங்களைக் கிழித்திருக்கிறீர்கள். இதை மேற்கு ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 1983 டிசம்பர் 15 அன்று, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வழக்கில், சட்டத்தின் மொழியில் சொல்லிவைத்திருக்கிறது. வழக்கத்துக்கு மாறான நடத்தை பதிவாகிறதா என்று உறுதியாகத் தெரியாதவர், கண்ணில் படாமல் இருக்கவே முயல்வார். கூட்டத்துக்குப் போவதைக்கூடத் தவிர்ப்பார். இதனால் அந்த ஒருவர் மட்டுமன்றி மக்களாட்சியும் கெடும் என்பது அதன் சாரம். உங்களுக்கு ஏற்பட்ட இழப்பை நீதிமன்றங்கள் உண்மையான தீங்காகவே கருதியிருக்கின்றன. நீங்களும் அதை மனப்பிராந்தி என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை.

நீங்கள் தனியாகவும் இல்லை. ஸ்நோடன் விவகாரத்துக்குப் பிறகு, 2013இல் பென் அமெரிக்கா என்ற எழுத்தாளர் அமைப்பு தன் உறுப்பினர்களிடையே நடத்திய கணக்கெடுப்பில், கண்காணிப்புக்கு அஞ்சி ஏதேனும் ஒரு பொருளைப் பற்றி எழுதுவதையோ பேசுவதையோ தவிர்த்ததாக 16 விழுக்காட்டினர் சொன்னார்கள். சமூக ஊடகப் பயன்பாட்டைக் குறைத்துக்கொண்டதாகவோ தவிர்த்ததாகவோ 28 விழுக்காட்டினர் சொன்னார்கள்.

இன்னொரு செய்தியும் உங்களுக்குப் பிடிக்கும். ஆர்வெல்லைப் பற்றியே பிரிட்டிஷ் அரசு ஒரு கோப்பு வைத்திருந்தது. 2007இல் அது பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. தீவிரமான கம்யூனிஸ்டுக் கருத்துடையவர் என்று காவல் துறையின் சிறப்புப் பிரிவு 1942இல் அவரைப் பற்றி எழுதியிருந்தது. அவருடைய எழுத்தைப் படித்திருந்த உளவுத் துறை அதிகாரி அதை ஏற்கவில்லை. ஓர் ஒற்றன் சொன்னதை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்றும், ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்தால்தான் தெளிய வேண்டும் என்றும் வள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தில் வகுத்தது நினைவுக்கு வருகிறது. ஒற்றைக் கைவிடச் சொல்லாத அவரும் சரிபார்ப்பை விட்டுவிடவில்லை. இதில் ஒரு முரணும் உண்டு. கண்காணிப்பைப் பற்றி அப்படி ஒரு நாவலை எழுதிய ஆர்வெல்லே, கம்யூனிஸ்டு அனுதாபிகள் என்று தாம் ஐயுற்றவர்களின் பெயர்ப் பட்டியலை 1949இல் பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் பரப்புரைப் பிரிவுக்குக் கொடுத்தார். உங்கள் நாவலில் உளவு சொல்லும் பாத்திரம் இருந்தால், அவரைக் கொடியவராக மட்டும் எழுதிவிடாதீர்கள்.

அத்தியாயத்தைத் திரும்பச் சேருங்கள் என்பதே என் கருத்து. கேமராவை ஏமாற்றும் காட்சி கற்பனை எழுத்து. அது கருத்துரிமையின் நடுவில் நிற்கிறது. வெடிகுண்டுக் காட்சியில் பின்பற்றிச் செய்யக்கூடிய விவரம் ஏதேனும் இருந்தால் அதை மட்டும் நீக்குங்கள். பதிப்பாளரின் வழக்கறிஞரும் அதையேதான் கேட்பார். கோரிக்கை மனுவில் மீண்டும் கையெழுத்திடுவது உங்கள் விருப்பம். வட்டத்திலிருந்து விலகிய நண்பரை வற்புறுத்த வேண்டாம். வைஃபை பற்றிச் சொன்னதை மட்டும் அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

கடைசிக் கேள்வி, இந்தக் கடிதத்தைப் பற்றியது. வழக்கறிஞருக்கு எழுதுவதால் இது இரகசியமாகக் காக்கப்படும் என்று எண்ணியிருக்கிறீர்கள். கட்சிக்காரருக்கும் வழக்கறிஞருக்கும் இடையிலான தொடர்புக்குத்தான் சட்டப் பாதுகாப்பு உண்டு; வாசகர் பகுதிக்கு வரும் கடிதத்துக்கு அது கிடைக்கும் என்று என்னால் உறுதி தர முடியாது. உங்கள் பெயர், கல்லூரி, மனுவின் பொருள், நண்பர்களின் பெயர்கள் அனைத்தையும் நீக்கிய பிறகே மேலுள்ள சுருக்கத்தை எழுதினேன். வெடிகுண்டு பற்றி நீங்கள் பார்த்த பக்கங்களின் பட்டியலைக் கடிதத்தோடு இணைத்திருந்தீர்கள். அதற்கு நான் இங்கே பதில் எழுதவில்லை. அதை எடுத்துக்கொண்டு உங்கள் ஊரிலுள்ள குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரை நேரில் சந்தியுங்கள். குறிப்பேட்டின் முதல் பக்கத்தையும் கையோடு கொண்டுபோங்கள்.